மருந்து ஒன்றுதான், மதகுதான் வேறு

“ஏனுங்ணா, இந்த மாத்தரையப் பாதியா ஒடச்சுக் குடுத்தா பாதி நேரத்துக்கு மட்டும் வேலை செய்யுமுங்களா?”

கவுந்தப்பாடியில் மருந்துக்கடை நடத்தும் எனக்கு இது பழகிய கேள்விதான். சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் அடிக்கடி யாராவது கேட்பார்கள். இந்த முறை கேட்டவர் ஒரு பள்ளிக்கூடப் பையனின் அம்மா. பையனுக்கு ஏடிஎச்டி. கவனம் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவது, உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாமல் தவிப்பது என்று போகும் நிலை அது. கோயம்புத்தூரில் மருத்துவர் பார்த்து மெத்தில்ஃபெனிடேட் எழுதியிருந்தார். முதலில் காலையும் மதியமும் சின்ன மாத்திரை. இப்போது காலையில் மட்டும் ஒன்று, அட்டையில் எஸ்.ஆர். என்று போட்டது, அதாவது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் வகை. “இது பவர் ஜாஸ்திங்களா? அரை நாள் பள்ளிக்கூடம் இருக்கற அன்னைக்கு அரை மாத்தரை பத்தாதுங்களா?”

அந்த மருந்து என் கடையில் கிடையாது. மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருப்பதால் அதை விற்கத் தனி உரிமம் வேண்டும். மருத்துவர் சீட்டு இரண்டு பிரதியாக வர வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும், மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். அதனால் அந்த அம்மா மருந்தைக் கோவையில் வாங்கி வந்து, சந்தேகத்தை மட்டும் உள்ளூரில் கேட்கிறார். நல்லதுதான். கேட்காமல் உடைப்பவர்கள்தான் அதிகம்.

எஸ்.ஆர். மாத்திரை பற்றி டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் உலவும் பேச்சு மூன்று வகை. எஸ்.ஆர். என்றால் பவர் கூட என்பது ஒன்று. மெதுவாக வேலை செய்வதால் வீரியம் கம்மி என்பது அதற்கு நேர் எதிரான இன்னொன்று. அந்த மருந்து உடம்பிலேயே நாள் முழுக்கத் தங்கிவிடும் என்பது மூன்றாவது. மூன்றும் தப்பு. மூன்றாவதுதான் படித்தவர்களையும் ஏமாற்றும் தப்பு, அதனால் இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் அதிக இடம்.

நாட்டுச்சர்க்கரையும் உருண்டை வெல்லமும்

எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும் நாட்டுச்சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தம் வரைக்கும் போகும். அதில் ஒரு கரண்டி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். அதே எடைக்கு உருண்டை வெல்லம் ஒன்றை இன்னொரு டம்ளரில் போடுங்கள். சர்க்கரை இரண்டு சுற்றுச் சுற்றினால் கரைந்துவிடும். உருண்டையோ அடியில் உட்கார்ந்துகொண்டு, மேல்தோலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே கரும்பு, ஒரே இனிப்பு. தண்ணீர் தொடுகிற பரப்புதான் வேறு. தூளில் ஒவ்வொரு துகளையும் தண்ணீர் சுற்றி வளைக்கிறது, உருண்டையில் வெளிப்பக்கத்தை மட்டும்தான் அதனால் தொட முடிகிறது.

மாத்திரையிலும் முதல் படி இதுதான். கரையாத மருந்து உடம்புக்குள் போகாது. சாதாரண மாத்திரையில் மருந்தோடு கூடவே, ஈரம் பட்டதும் உப்பி மாத்திரையை உடைத்துவிடும் பொருள் ஒன்றையும் கலந்திருப்பார்கள். விழுங்கிய சில நிமிடங்களில் அது வயிற்றுக்குள் தூளாகிவிடும். மருந்து முழுவதையும் ஒரே மூச்சில் அவிழ்த்து விடும் இந்த வகைக்கு உடனடி வெளியீடு என்று பெயர். உருண்டை வெல்லம்போல இழுத்துப் பிடித்துப் பல மணி நேரத்துக்குக் கொடுப்பது நீடித்த வெளியீடு, ஆங்கிலத்தில் சஸ்டெய்ன்ட் ரிலீஸ். எஸ்.ஆர். என்ற எழுத்துகளின் பொருள் அவ்வளவுதான்.

சரி, அந்த உருண்டையை உரலில் போட்டு ஒரு இடி இடித்தால் என்ன ஆகும்? நாட்டுச்சர்க்கரை ஆகிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

காலிங்கராயன் வாய்க்காலும் சிறுகுடலும்

கரைந்த மருந்தை வயிறுதான் உறிஞ்சுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வயிறு பெரும்பாலும் ஆட்டுகிற கல், அவ்வளவுதான். உறிஞ்சும் வேலை சிறுகுடலுடையது. கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளக் குழாய் அது, மடிந்து மடிந்து வயிற்றுக்குள் அடங்கியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் பவானியில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம் வரை பாம்புபோல வளைந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நேராக வெட்டியிருந்தால் தண்ணீர் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் இத்தனை வயல் நனைந்திருக்காது. குடலின் வளைவும் அதே கணக்குத்தான். போதாததற்கு உட்சுவர் முழுக்கத் துண்டில் இருக்கும் பூ நூல்போலச் சின்னச் சின்ன விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சுவரைக் கடந்து மருந்து ரத்தத்தில் சேர்வதைத்தான் உறிஞ்சல் என்கிறோம்.

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக மூளைக்குப் போய்விடாது. முதலில் கல்லீரலுக்குப் போக வேண்டும். கோவையிலிருந்து ஈரோடு வருகிறவர்கள் விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டாமல் வர முடியாதல்லவா, அந்த மாதிரி. கல்லீரல் தன் பங்குக்குக் கொஞ்சம் மருந்தைச் சிதைத்துவிட்டு மிச்சத்தை அனுப்பும். மெத்தில்ஃபெனிடேட்டில் இந்தச் சுங்கம் ரொம்பக் கடுமை. விழுங்கியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மாறாமல் பொது ரத்த ஓட்டத்துக்கு வருகிறது. இது தெரிந்துதான் மாத்திரையின் அளவையே முடிவு செய்திருக்கிறார்கள், எனவே வீணாகிறதே என்று யாரும் வருந்த வேண்டாம்.

வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் வயிற்றின் கடைவாசல் தாமதமாகத் திறக்கும், மருந்து கொஞ்சம் பிந்தி வேலையைத் தொடங்கும். பொதுவாகப் பார்த்தால் தள்ளிப்போவது நேரம்தான், மொத்த அளவு பெரிதாகக் குறைவதில்லை. இந்த மருந்து பசியை அடக்கும் என்பதால், காலையில் இரண்டு இட்லி உள்ளே போன பிறகு கொடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம்.

மூளைக்குப் போய் அது என்ன செய்கிறது என்பதை இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறேன். கவனத்துக்கும் ஊக்கத்துக்கும் உதவும் டோபமைன் என்ற ரசாயனம், ஒரு நரம்பணு விட்டதும் திரும்ப அதற்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். அந்தத் திரும்பும் வழியை மெத்தில்ஃபெனிடேட் அடைக்கிறது, டோபமைன் கொஞ்சம் கூடுதல் நேரம் வெளியே நிற்கிறது. இப்படி மூளையின் விழிப்பைக் கூட்டும் மருந்துகளுக்கு நரம்பூக்கிகள் என்று பெயர். நாம் குடிக்கும் காபியில் இருக்கும் கஃபீனும் வேறு வழியில் வேலை செய்யும் ஒரு நரம்பூக்கிதான்.

இதுவரை வந்த கதை: மாத்திரை கரைய வேண்டும், சிறுகுடல் உறிஞ்ச வேண்டும், கல்லீரலில் சுங்கம் கட்ட வேண்டும், பிறகுதான் மூளை. இதில் எஸ்.ஆர். மாத்திரை மாற்றுவது முதல் படியை மட்டும்.

வரவு வேகம் வேறு, செலவு வேகம் வேறு

ரத்தத்தில் சேர்ந்த மருந்தை உடம்பு சும்மா விட்டுவைக்காது. வந்த நிமிடத்திலிருந்தே சிதைத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்துக்கு அரைவாழ்வு என்று பெயர். மெத்தில்ஃபெனிடேட்டுக்கு அது சுமார் 2 முதல் 3 மணி நேரம்.

காபியோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். கஃபீன் முக்கால் மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடும். ஆனால் அதன் அரைவாழ்வு பெரியவர்களுக்குச் சுமார் 5 மணி நேரம். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்த காபியில் பாதி, ராத்திரி 11 மணிக்கு இன்னும் ரத்தத்தில் நிற்கும். திருப்பூரில் நைட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதிகாலையில் ஒரு டீயைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை என்று புரள்வதற்கு இது ஒரு காரணம். சீக்கிரம் உள்ளே போவது சீக்கிரம் வெளியே போகும் என்று விதி எதுவும் இல்லை. உள்ளே வரும் வேகத்தை மாத்திரையின் கட்டுமானம் முடிவு செய்கிறது. வெளியேறும் வேகத்தை உங்கள் கல்லீரல் முடிவு செய்கிறது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மூன்றாவது தப்பு இங்கேதான் பிறக்கிறது. நாள் முழுக்க வேலை செய்கிறதென்றால் அந்த மருந்து உடம்பில் நாள் முழுக்கத் தங்கும்படி மாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். மருந்தில் எதையும் மாற்றவில்லை. எஸ்.ஆர். மாத்திரையிலிருந்து காலை 9 மணிக்கு ரத்தத்துக்கு வந்த மருந்தும், சாதாரண மாத்திரையிலிருந்து 9 மணிக்கு வந்த மருந்தும் ஒரே வேகத்தில்தான் அழிகின்றன. மதியம் 3 மணிக்கு ரத்தத்தில் இருப்பதில் பெரும்பங்கு புதிதாக வந்தது, காலையில் வந்தது ஏற்கெனவே செலவாகிப் போயிருக்கும்.

நூறு குடம் கணக்கு

தோட்டத்தில் ஒரு தொட்டி, அடியில் ஒரு ஓட்டை. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், இருப்பதில் கால் பங்கு மணிக்கு மணி அந்த ஓட்டை வழியாகப் போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மணி நேர அரைவாழ்வுக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய பொருந்தும். நம்மிடம் இருப்பது 100 குடம் தண்ணீர்.

முதல் நாள் 100 குடத்தையும் ஒரே ஊற்றாக ஊற்றிவிடுகிறோம். ஒரு மணி கழித்து 75, அடுத்த மணியில் 56, அப்புறம் 42, அப்புறம் 32. எட்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 10 குடம்தான் மிச்சம்.

மறுநாள் அதே 100 குடத்தை மணிக்கு 10 குடமாகப் பத்து மணி நேரம் ஊற்றுகிறோம். முதல் மணி முடிவில் 10. இரண்டாம் மணிக்குள் அதில் கால் பங்கு போய், புதிதாக 10 சேர்ந்து 17 குடம் சொச்சம். மூன்றாம் மணியில் 23. மட்டம் ஏற ஏற ஓட்டை வழியே போவதும் கூடும், எனவே ஏற்றம் படிப்படியாக மட்டுப்படும். எட்டாம் மணியில் 36, பத்தாம் மணியில் 38. அதற்கு மேல் மணிக்கு மணி பத்துப் பத்தாக எத்தனை நாள் ஊற்றினாலும் 40ஐத் தாண்டாது, ஏனென்றால் 40 இருக்கும்போது போவதும் 10, வருவதும் 10.

இப்போது டீக்கடைப் பேச்சை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பவர் கூட என்றார்களே, உச்சம் ஒன்றில் 100, மற்றொன்றில் 38தான். வீரியம் கம்மி என்றார்களே, எட்டாம் மணியில் ஒன்றில் 10, மற்றொன்றில் 36. இரண்டு நாளும் தொட்டி வழியாகப் போன மொத்தத் தண்ணீர் அதே நூறு குடம். உடம்பில் தங்கிவிடும் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது: பத்தாம் மணியோடு ஊற்றுவதை நிறுத்தினால் 38 குடம் அடுத்த மணியில் 28, அதற்கடுத்து 21 என்று, முதல் நாள் வடிந்த அதே வேகத்தில் வடிந்துவிடும்.

நிஜ மாத்திரை இவ்வளவு சுத்தமாக நடக்காது. உடனடி வெளியீட்டு மெத்தில்ஃபெனிடேட்டே ரத்தத்தில் உச்சத்தைத் தொட ஏறக்குறைய 2 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது, பலன் மூன்று நாலு மணி நேரம் நிற்கிறது. காலை 8 மணிக்குப் போட்டால் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது மருந்து இறங்குமுகத்தில் இருக்கும். அப்போது இரண்டாம் மாத்திரை வேண்டும். அதைப் பள்ளிக்கூடத்தில் யார் கையில் கொடுத்து வைப்பது, பையன் மறக்காமல் போடுவானா, பக்கத்து பெஞ்சுப் பையன் என்னடா அது என்று கேட்டால் என்ன சொல்வான்? நீடித்த வெளியீட்டு மாத்திரைக்கு இத்தனை வரவேற்பு இருப்பதற்கு, மருந்தியலைவிட அந்த மதிய மாத்திரையின் சங்கடம்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

மாத்திரைக்குள் மதகு எப்படி வைக்கிறார்கள்

இந்தத் துறை தொடங்கியதே ஒரு நரம்பூக்கியில்தான். 1952இல் அமெரிக்காவின் ஸ்மித், கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனம் டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன் மருந்தை ஸ்பான்சூல் என்ற கேப்சூலில் கொண்டுவந்தது. உள்ளே கடுகளவு மணிகள். சிலவற்றுக்குப் பூச்சு மெல்லியது, சிலவற்றுக்குக் கனம். மெல்லியவை முதலில் கரையும், கனமானவை பிந்தும்.

இன்றைக்கும் மணிக் கேப்சூல்கள் உண்டு. மெத்தில்ஃபெனிடேட்டில் ஒரு வகையில் பாதி மணிகள் உடனே கரையும், மறு பாதி சுமார் நாலு மணி நேரம் கழித்து மருந்தை விடும். காலையும் மதியமுமாக இரண்டு மாத்திரை போட்ட மாதிரி ரத்தத்தில் இரண்டு மேடு தெரியும். கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுக்கு ஒரு முறை என்று தண்ணீர் விடுகிறார்களே, அதேதான். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்கும் ஒரே நாளில் திறந்தால் கடைமடைக்கு ஒன்றும் போய்ச் சேராது என்பதால் வந்த ஏற்பாடு அது.

இரண்டாவது வகை, கொழகொழப்பு மாத்திரை. சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் சுற்றிலும் ஜெல்லி கட்டுமே, அப்படி ஈரம் பட்டதும் கூழாகும் பொருளுக்குள் மருந்தைப் பிசைந்து அடைத்திருப்பார்கள். அந்தக் கூழைத் துளைத்துக்கொண்டு மருந்து வெளியே வர நேரமாகும். எஸ்.ஆர். என்று கடையில் கிடைக்கும் சர்க்கரை மாத்திரைகள் பல இந்த இனம். கூழுக்குப் பதிலாக மெழுகு போன்ற பொருளில் பிசைவதும் உண்டு. பழைய மெத்தில்ஃபெனிடேட் எஸ்.ஆர். மாத்திரைகள் அப்படி வந்தன, ஏறக்குறைய 8 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பார்த்தால் சாதாரண மாத்திரை, உள்ளே ஒரு குட்டி பம்ப்.

மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்பிக்கொள்ளும். கரைசல் எந்தப் பக்கம் கெட்டியோ அந்தப் பக்கம் தண்ணீர் போகப் பார்க்கும், இடையில் இருக்கும் தோல் தண்ணீரை மட்டும் விடும். இதற்குப் பெயர் சவ்வூடுபரவல். மாத்திரையைச் சுற்றி அப்படி ஒரு தோல் போட்டு, உள்ளே மருந்து, அதற்குக் கீழே தண்ணீர் குடித்தால் உப்புகிற ஒரு அடுக்கு, தோலின் ஒரு முனையில் லேசர் போட்ட ஒரே ஒரு சின்னத் துளை. குடலில் இருக்கும் ஈரம் தோல் வழியே மெல்ல மெல்ல உள்ளே வரும். அடியில் இருக்கும் அடுக்கு உப்பி, பற்பசைக் குழாயை அடியிலிருந்து அமுக்குவதுபோல மருந்தைத் துளை வழியே தள்ளும். வேகத்தை முடிவு செய்வது அந்தத் தோல்தான். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாயின் டிரிப்பர், மரம் கேட்கிறதா இல்லையா என்று பார்க்காமல் தன் கணக்குக்குச் சொட்டிக்கொண்டிருப்பது மாதிரி, வயிற்றில் அமிலம் கூடினாலும் குறைந்தாலும் இது பெரிதாகக் கண்டுகொள்ளாது.

இந்த யோசனையின் எளிய வடிவத்தை அல்ஸா நிறுவனத்தின் ஃபெலிக்ஸ் தியூவ்ஸ் 1975இல் வெளியிட்டார். மெத்தில்ஃபெனிடேட்டை இதில் வைத்து விற்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2000இல். அந்த மாத்திரையின் வெளிப்பூச்சிலேயே மொத்த மருந்தில் 22 சதவீதம் இருக்கும். 36 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஏறக்குறைய 8 மில்லிகிராம் காலையில் உடனே கரைந்து வேலையைத் தொடங்கும், மிச்சம் 28ஐ பம்ப் பார்த்துக்கொள்ளும். பலன் சுமார் 12 மணி நேரம்.

பம்ப் வேலையை முடித்ததும் கூடு கரையாது. அப்படியே மலத்தோடு வெளியே வந்துவிடும். “மாத்தரை முழுசா வந்துருச்சுங்க, ஒண்ணுமே சத்துல சேரலீங்க” என்று பதறுகிறவர்கள் உண்டு. வந்தது வெறும் சக்கை. ஆலையில் சாறு பிழிந்த பிறகு கரும்புச் சக்கை விழுவதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை.

இதுவரைக்கும்: மணிகள் முறைவைத்துத் திறக்கின்றன, கூழும் மெழுகும் தடுத்து நிறுத்துகின்றன, பம்ப் தள்ளுகிறது. மூன்றிலும் உள்ளே இருப்பது அதே மருந்து.

சாயங்காலம் ஏன் கொஞ்சம் கூட வேண்டும்

மட்டமாக ஒரே அளவில் வைத்திருப்பதுதான் சிறந்தது என்று ஆரம்பத்தில் நினைத்தார்கள். 1990களில் குழந்தைகளிடம் சோதித்தபோது, காலையில் நன்றாக வேலை செய்த அதே அளவு மதியத்துக்கு மேல் எடுபடவில்லை. மூளை அன்றைக்குள்ளேயே கொஞ்சம் பழகிவிடுகிறது. காலையில் முதல் டம்ளர் காபியில் கிடைக்கும் சுறுசுறுப்பு மூன்றாவது டம்ளரில் கிடைக்காததை நினைத்துக்கொள்ளுங்கள். எனவே மேலே சொன்ன பம்ப் மாத்திரையை, காலையிலிருந்து சாயங்காலம் வரை ரத்தத்தில் அளவு மெல்ல ஏறும்படி அமைத்தார்கள். உச்சம் 6 முதல் 10 மணி நேரத்தில் வரும்.

இதன் இன்னொரு பக்கம், காலையில் மறந்துபோன மாத்திரையை மதியம் 2 மணிக்குக் கொடுத்தால் அது நள்ளிரவு தாண்டியும் பம்ப் அடித்துக்கொண்டிருக்கும். பையன் கொட்டக் கொட்ட முழித்திருப்பான். காலையில் தவறினால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் காலை வழக்கம்போல் கொடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஏறுகிற வேகம்

நரம்பூக்கி என்றதும் போதை மருந்துதானே, குழந்தைக்கா கொடுப்பது என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஆம்ஃபெட்டமைன் வகைகள் போதைக்குப் பயன்படுகின்றன, மெத்தில்ஃபெனிடேட்டும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

விடையும் நாம் பேசிக்கொண்டிருக்கும் வேகத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் நோரா வோல்கோவும் அவருடைய குழுவும் மூளையைப் படம்பிடித்து, மெத்தில்ஃபெனிடேட் எந்த வேகத்தில் அங்கே சேர்கிறது என்று பார்த்தார்கள். ரத்தக்குழாய் வழியாக ஊசியில் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் உச்சம். வாய்வழியாக விழுங்கினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூளையில் சேரும் மருந்தின் அளவு ஒப்பிடத்தக்கதாக இருந்தபோதும், கிறக்கம் வந்தது வேகமாக ஏறியபோதுதான். மலைப்பாதையில் திம்பம் ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து மெல்ல உயரம் போகிறவருக்கு வயிற்றைப் பிரட்டலாம், ஆனால் ராட்டினத்தில் உயரே தூக்கிப் போடும் அந்த ஜிவ்வென்ற உணர்வு வராது. எஸ்.ஆர். மாத்திரை பஸ் மாதிரி. அதை நொறுக்கித் தூளாக்குகிறவர் பஸ்ஸை ராட்டினமாக்கப் பார்க்கிறார்.

பரீட்சைக்கு ராத்திரி கண்விழிக்க யாரோ கொடுத்தார்கள் என்று இதைப் போடும் கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவராக இல்லாத நான் சொல்ல ஒன்றே ஒன்று: இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும் மருந்து இது. யார் இதயம் எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் எழுதுகிறார். நண்பன் பார்ப்பதில்லை.

அப்போது, உடைக்கலாமா?

உரலில் இடித்த உருண்டை வெல்லத்துக்கு வருவோம். எஸ்.ஆர். மாத்திரையை நொறுக்கினாலோ மென்றாலோ, பத்து மணி நேரத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியதைக் குடல் ஒரே நேரத்தில் வாங்குகிறது. தொட்டியில் 38ஐத் தாண்டக் கூடாத மட்டம் 100ஐ நோக்கிப் போகிறது. மதகு உடைந்து ஊருக்குள் வெள்ளம் வந்த மாதிரி. காலையில் படபடப்பு, தலைவலி. மாலையில் மருந்தே இல்லாத நிலை. மாத்திரையை உடைக்காமலும் இந்த வெள்ளம் வரலாம். 2005இல் அமெரிக்காவில் ஒரு நீடித்த வெளியீட்டு வலிமருந்து, மதுவோடு சேர்ந்தால் மொத்தமாக அவிழ்கிறது என்று தெரிந்து விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

பாதியாக வெட்டுவதும் அதே கதைதான், அளவு மட்டும் குறைவு. பம்ப் மாத்திரையை வெட்டினால் அது பம்ப்பே இல்லை, தோல் கிழிந்த பை. கூழ் வகையில் வெட்டிய முகம் புதுப் பரப்பாகத் திறந்துகொள்ளும், மருந்து சீக்கிரம் வெளியேறும். அந்த அம்மாவின் கணக்கு, பாதி மாத்திரைக்குப் பாதி நேரம், எதிலும் பொருந்தாது. மாத்திரை நேரத்தை நீளவாக்கில் அடுக்கி வைத்திருக்கவில்லை, கரும்பைக் கணுக் கணுவாக வெட்டுகிற மாதிரி நேரத்தை வெட்ட முடியாது. நடுவில் கோடு போட்டு வரும் சில நீடித்த வெளியீட்டு மாத்திரைகளைக் கோட்டோடு பாதியாக்கலாம், ஆனால் அட்டையில் அப்படி எழுதியிருந்தால் மட்டும். அரை நாள் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் மருந்து வேண்டுமென்றால் அதற்குப் பழைய உடனடி வெளியீட்டு மாத்திரையே இருக்கிறது. அதை எழுத வேண்டியவர் மருத்துவர்.

எழுத்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., பி.ஆர். எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பம், நிறுவனத்துக்கு நிறுவனம் எழுத்து மாறும். ஓ.டி. என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளை, அது எப்படி அடைத்தது என்பதைச் சொல்லாது. குடலில் கரையும் பூச்சு போட்ட மாத்திரை வேறு சாதி. வயிற்று அமிலத்தில் கரையாமல் தப்பிச் சிறுகுடலில் போய்க் கரையும், அங்கே போனதும் ஒரே நேரத்தில் அவிழ்ந்துவிடும். தாமதம் வேறு, நீடிப்பு வேறு. ஒரு எஸ்.ஆர். எட்டு மணி நேரமும் இன்னொன்று பன்னிரண்டு மணி நேரமும் போகலாம் என்பதால், மில்லிகிராம் ஒன்றாக இருக்கிறதே என்று பிராண்டை மாற்றிக் கொடுப்பதும் சரியில்லை. கடைக்காரனாகச் சொல்கிறேன், இந்தத் தப்பு எங்கள் தொழிலில் நடப்பதுண்டு.

இத்தனையும் கேட்டுவிட்டு அந்த அம்மா அட்டையைப் பையில் போட்டார். போகிற போக்கில் திரும்பினார். “முழுங்க மாட்டேங்கறானுங்ணா. அப்புறம் எப்படித்தான் குடுக்கறது?”

மணிக் கேப்சூல் வகைகளில் சிலவற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் மணிகளை ஆறிய மெத்தென்ற சாப்பாட்டில் தூவிக் கொடுக்கலாம், பையன் மணியைக் கடிக்காமல் விழுங்க வேண்டும், கலந்து வைத்து மதியத்துக்குக் கொடுக்கக் கூடாது, அப்படிப்பட்ட கேப்சூலாக மாற்றித் தர முடியுமா என்று அடுத்த முறை கோவை போகும்போது மருத்துவரைக் கேளுங்கள் என்றேன்.

“தயிர்ச் சோத்துல போட்டா அவன் மென்னு போடுவானுங்களே.”

“சோறு வேண்டாமுங்க, ஒரு கரண்டி கெட்டித் தயிர் மட்டும் ஆகுமான்னு கேட்டுப் பாருங்க,” என்றேன்.